பெண்ணழைப்பு காருக்கு ஒரு மீட்டர்

முள் நூற்றி ஒன்றில் இருந்தது.

முன்னால் பேண்டு வாத்தியக்காரர்கள். அவர்களுக்கும் காருக்கும் நடுவே மாப்பிள்ளையின் நண்பர்கள் வட்டம் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்து சீட்டில் தங்கை நித்யா, கழுத்தைத் திருப்ப முடியாத அளவுக்கு மாலையோடு. பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள். அவர்களுக்கும் பின்னால், முகப்பு விளக்கை எரியவிட்டபடி, மாப்பிள்ளையுடைய பெரியப்பாவின் பெரிய வண்டி.

வைகாசி மாதச் சாயங்காலம். கடல் காற்று அன்று எங்கேயோ போயிருந்தது. இன்ஜின் சூடு, தார் ரோட்டின் சூடு, ஜெனரேட்டர் வண்டியின் டீசல் புகை, இவை எல்லாவற்றுக்கும் மேலே சம்பங்கி வாசனை.

"அக்கா, மூஞ்சிய அப்படி வெக்காத. வீடியோக்காரர் எடுக்கறாரு" என்றாள் நித்யா, உதட்டை அசைக்காமல்.

நான் சிரித்தேன். கண் மட்டும் இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரிலேயே இருந்தது. நூற்றிப் பத்தைத் தொட்டால் இன்ஜினை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் நித்யா இறங்கி, பின்னால் வரும் வண்டியில் ஏற வேண்டும். அந்த வண்டி அதற்காகத்தான் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

இட்லி குண்டான்

முன் அத்தியாயங்களைப் படிக்காதவர்களுக்கு ஒரு வரி: சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில், அளக்கும் கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. அந்தச் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் இந்தக் கார்.

இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். சிவப்பு நிறம், வெயிலில் வெளுத்து மிளகாய்த்தூள் நிறமாகியிருந்தது. என்னைவிட வயதில் மூத்தது. கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டு வாசலில் உறை போர்த்தி நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல், முசியே என்றுதான் கூப்பிடும். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். "இதுல உக்காந்துடலாம்மா. எழுந்திரிக்கத்தான் முடியல" என்று முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு டெம்போ ஓட்டினார். எதையும் எத்தனை மூட்டை ஏறும் என்று பார்க்கிற கண் அவருக்கு. காரைச் சுற்றி வந்தார். "ரெண்டு பேருதான் போவலாமா? நாம நாலு பேரு இருக்கமே பாப்பா" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து காலையில் ஈரத்துணியால் அதைத் துடைத்தது அவர்தான்.

வாங்கிய கொஞ்ச நாளில், ஒரு திருவிழாக் கூட்ட நெரிசலில், அப்பா பக்கத்தில் இருக்கும்போது கார் கொதித்தது. பானட்டின் இரண்டு பக்கமும் ஆவி. அப்பா இறங்கி, ஆவிக்கு நடுவே கைகளை ஆட்டிக் கூட்டத்தை விலக்கினார். அதை எங்கள் அத்தை மகன் போனில் எடுத்து உறவுக்காரர்களின் குழுவில் போட்டான். அன்று விழுந்த பெயர்தான் இட்லி குண்டான்.

நித்யாவின் நிச்சயதார்த்தத்துக்குள் அந்தப் பெயர் மாப்பிள்ளை வீடு வரை போயிருந்தது. பெண்ணழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, எங்கள் வண்டியே இருக்கிறதே என்றார் அப்பா. மாப்பிள்ளையின் பெரியப்பா வெற்றிலையை மென்றபடி, "பொண்ண வேக வெச்சி அனுப்பிடாதீங்க சம்பந்தி. எங்க வண்டி இருக்குது, ஏசி போட்டா ஜம்முனு வரும்" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

அப்பா சிரிக்கவில்லை. "எங்க பொண்ணு எங்க வண்டியிலதான் வரும்" என்றார்.

பெரியப்பா அதற்கும் இறங்கி வந்தார். சரி, தங்கள் வண்டி பின்னாலேயே வரட்டும், நடுவழியில் ஏதாவது ஆனால் பெண் மாறிக்கொள்ளட்டும் என்று முடிவானது. அதே கூடத்தில் ஒரு அம்மாள், மூத்தது இருக்கும்போது இளையதுக்கு ஏன் முந்துகிறீர்கள் என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நான்கு பதில்கள் தயாராக இருந்தன. இட்லி குண்டானுக்குத்தான் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லாஸ்பேட்டை திருப்பத்தில், "வரும் இல்ல, பாப்பா?" என்று அப்பா கேட்டார்.

"வரும்ப்பா" என்றேன். சொல்லிவிட்டேன். இனி அதை உண்மையாக்க வேண்டும்.

நடுவிலேயே நிற்கும் முள்

கார் கொதித்த அன்று என்னை அதிகம் உறுத்தியது ஆவி அல்ல. ஆவி வரும் வரை டேஷ்போர்டில் இருந்த மீட்டர் முள் நடுவிலேயே நின்றதுதான்.

பிறகு அதைக் கழற்றிச் சோதித்தேன். தண்ணீர் எண்பது டிகிரியில் இருந்தாலும் நடு. நூறைத் தொட்டாலும் நடு. பழுது இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். முள் சும்மா ஏறி இறங்கினால் ஓட்டுகிறவர் பயந்துபோய்க் கடைக்கு வந்து நிற்பார். அதனால், ஆபத்து வாசலுக்கு வரும் வரை வாயைத் திறக்காமல் இருக்கும்படி ஒரு முள். எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒரு கருவி வந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மூலையில் வைத்துவிடுவோம்.

ஊர்வலம் நடை வேகத்தில் போகும். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று கிடையாது, ஃபேன்தான் கதி. அப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீர் எத்தனை டிகிரி என்று எண்ணாகவே எனக்குத் தெரிய வேண்டும். தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர் வாங்கினேன். தேநீர்க் கோப்பையின் வாயளவு வட்டம், வெள்ளை முகம், கறுப்பு எண்கள். கூடவே கட்டை விரல் அளவில் ஒரு பித்தளை சென்சார்.

பால் சட்டியில்

வாங்கிய பொருள் சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல் மேடையில் ஸ்கூட்டர் பேட்டரியை வைத்தேன். மீட்டருக்கு வயர் கொடுத்து, சென்சாரைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் சரிபார்த்த தெர்மாமீட்டர் ஒன்றையும் வைத்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

அம்மா வந்து பார்த்தாள். "அது பால் சட்டிடீ."

கழுவித் தருகிறேன் என்றேன்.

"கல்யாண வீட்டுல பால் சட்டியில வயர வேக வெக்கிறவள இப்பதான் பாக்கறேன். நாளைக்கு உன்னைக் கட்டறவன் வந்து கேட்டா என்னா சொல்லுவேன்?"

நித்யா வாசற்படியில் உட்கார்ந்து, தெர்மாமீட்டரை நான் வாசிக்க வாசிக்க, மீட்டர் காட்டுவதைப் பக்கத்தில் எழுதினாள். கொதிக்கும்போது ஒரு டிகிரிதான் வித்தியாசம். நல்ல மீட்டர். அம்மா அந்தச் சட்டியை மூன்று முறை புளி போட்டுத் தேய்த்தாள், பிறகும் அதில் பால் காய்ச்சவில்லை.

ஆஷ்ட்ரே குழி

மாட்டும் வேலை சேகர் அண்ணன் ஷெட்டில் நடந்தது. லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய ஷெட். நல்ல மெக்கானிக், பிடிவாதக்காரர். என்னையும் அப்படித்தான் சொல்வார் அவர்.

வேலை கடினமானது அல்ல, வரிசை முக்கியம். இன்ஜின் ஆறின பிறகு தண்ணீரை வடிக்க வேண்டும். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயை நடுவில் வெட்டி, அங்கே ஒரு அலுமினியத் துண்டைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். அந்தத் துண்டின் துளையில் சென்சார் உட்காரும். அங்கிருந்து ஒரு வயர் மீட்டருக்கு.

முதல் தகராறு வெள்ளை டேப்பில் வந்தது. சென்சாரின் மரையில் சேகர் அண்ணன் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார், பைப்புக்காரர்கள் சுற்றுவதுபோல. இந்த வகைச் சென்சாருக்கு அந்த மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கும், டேப் மின்சாரத்தை மறித்துவிடும் என்றேன். ஒழுகினால் என்னைக் கேட்காதே என்றார். டேப்பைப் பிரித்துப் பசை தடவினேன். இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் அலுமினியத் துண்டுக்கும் தனியாக ஓர் எர்த் வயர் இழுத்து பாடியில் முடுக்கினேன். ஒழுகவில்லை. முள்ளும் அசைந்தது.

இரண்டாவது தகராறு பெரியது. முள் அசைந்தது சரி, ஆனால் ஏறவில்லை. பிள்ளைச்சாவடி வரை ஓட்டிப் போனோம். வலப்பக்கம் கடல் தெரியும் இடங்களில் எல்லாம் காற்று அடித்தது, முள் அறுபத்தைந்தில் படுத்துக்கிடந்தது. சேகர் அண்ணனுக்குப் பெருமை. பச்சைத் தண்ணீர் மாதிரி ஓடுகிறது பார் என்றார்.

அவ்வளவு குளிர்ச்சியும் தப்பு. திரும்பி வந்து இன்ஜினின் தண்ணீர் வாயைத் திறந்து பார்த்தேன். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி.

இது நம் ஊர் வழக்கம். தெர்மோஸ்டாட் என்பது, தண்ணீர் போதிய சூடாகும் வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் ஒரு சின்னக் கதவு. சூட்டைத் தக்கவைக்க ஒரு சாமானா, அதுவும் நம் ஊர் வெயிலில் எதற்கு என்று, வண்டி கைக்கு வந்ததும் அதைப் பிடுங்கி எறிவது பல ஷெட்டுகளில் ஒரு மரியாதை. வாடிக்கையாளருக்குச் செய்யும் உபகாரம் மாதிரி. முசியேயின் காரிலும் யாரோ அந்த உபகாரத்தைச் செய்திருந்தார்கள். அது தன் வேலையாக இருக்காது, தான் பிடுங்கியிருந்தால் ஞாபகம் இருக்கும் என்றார் சேகர் அண்ணன். புதியதை வாங்கிப் போட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முள் எண்பத்தெட்டுக்கு வந்து நின்றது.

மீட்டரை எங்கே வைப்பது? டேஷ்போர்டில் துளை போட மனம் வரவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த ஆஷ்ட்ரேயைக் கழற்றினால் அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளே முசியேயின் சுருட்டுச் சாம்பல் கொஞ்சம் இருந்தது. துடைத்துவிட்டேன்.

அப்பா முன்னால், கார் பின்னால்

வேகமாகப் போகும்போது சரியாக இருப்பது எனக்குப் போதாது. ஊர்வலத்தை ஒத்திகை பார்க்க வேண்டும். அதற்கு யாராவது முன்னால் நடக்க வேண்டும்.

அப்பா நடந்தார். லுங்கியும் துண்டுமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விமான நிலையச் சாலையில் மெதுவாக நடந்தார். நான் அவர் பின்னாலேயே ஊர்ந்தேன். ஸ்கூட்டரில் போன கல்லூரிப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் இருந்து ஒருவர், "என்னாண்ணே, காரு மேய்க்கிறியா?" என்று கேட்டார். ஆமாம், கறவை நின்னுபோச்சு என்று அப்பா நடையை மாற்றாமல் பதில் சொன்னார்.

நடுநடுவே பேண்டுக்காரர்கள் நிற்பார்கள் என்று அவரும் நின்றார். ஒரு இடத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டு அடி ஆடக்கூடச் செய்தார். முன்கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது.

முள் மெல்ல ஏறித் தொண்ணூற்றெட்டில் நின்றது. அதற்கு மேல் போகவில்லை. இருட்டும் வரை ஓட்டிப் பார்த்தோம். திரும்பி வந்ததும் அப்பா அம்மாவிடம், "வண்டி வரும்" என்றார். என்னிடம் கேட்டதையே அவர் இப்போது சொல்லாக மாற்றியிருந்தார்.

பூ

பெண்ணழைப்பு அன்று காலை அப்பா காரைப் பூ அலங்காரக் கடைக்கு எடுத்துப் போனார். நான் வீட்டில் நித்யாவின் புடவை மடிப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். கார் நேராக, ஊர்வலம் புறப்படும் கோயில் வாசலுக்கு வந்தது. நித்யாவை ஏற்றி, மாலையைச் சரிசெய்து, நான் சுற்றி வந்து முன்பக்கத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

காரின் வாயை மூடியிருந்தார்கள். ரேடியேட்டருக்குக் காற்று போகும் அந்தத் திறப்பில், சம்பங்கியும் சாமந்தியும் ரோஜாவும் நெருக்கக் கட்டிய ஒரு பூப்பாய், பட்டை ஜரிகை வைத்து. ஒரு விரல் நுழைய இடம் இல்லை. அலங்காரக்காரர் பக்கத்திலேயே நின்று பாராட்டுக்குக் காத்திருந்தார். முகத்துக்குப் பூ வைக்காமல் எந்தக் காரை அனுப்புவோம் என்று கேட்டார் அவர். கேட்டதிலும் நியாயம் இருந்தது. தண்ணீர், கிளிப், ஃபேன், பேட்டரி எல்லாவற்றையும் யோசித்த நான் பூவை யோசிக்கவில்லை.

பேண்டு தொடங்கிவிட்டது.

முதல் தெருவில் தொண்ணூற்றாறு. பிள்ளையார் கோயில் திருப்பத்தில் நூறு. மாப்பிள்ளையின் நண்பர்கள் அங்கே வட்டம் கட்டினார்கள். நூற்றி ஒன்று. இந்த இடத்தில்தான் அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

நூற்றி மூன்று ஆனபோது பக்கத்தில் நடந்துவந்த அம்மாவைக் கூப்பிட்டு, அப்பாவிடம் சொல்லி முன்னாலிருக்கும் பூவை எடுக்கச் சொல் என்றேன். அம்மா தட்டைக் கீழே வைக்காமலேயே குனிந்தாள்.

"பொண்ணு எறங்கறதுக்கு முன்ன பூவுல கை வெக்காத. சொல்லிட்டேன்."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நித்யா வாழப்போகும் வீட்டில் என்றைக்காவது ஒரு பால் பொங்கி அடுப்பு அணைந்தால்கூட, பூவைப் பிய்த்த வண்டியில் வந்தவள் என்று ஒருவர் சொல்லுவார். அதைக் கேட்கப்போவது நான் இல்லை, அவள்.

நூற்றி நான்கு. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் நூறைத் தாண்டினாலும் உடனே கொதிக்காது. ஆனால் எல்லை தூரத்தில் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். பெரியப்பா தன் வண்டியின் சன்னலை இறக்கி, எங்கள் பானட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

காலுக்குச் சூடு

ஒரு வழி இருந்தது. ஹீட்டர்.

இந்தக் கார் குளிர் நாட்டுக்காரர்களுக்காகச் செய்தது. டேஷ்போர்டுக்கு உள்ளே இன்னொரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. இன்ஜின் தண்ணீர் அதற்குள்ளும் ஓடும், ஒரு சின்ன ஃபேன் அந்தச் சூட்டை உட்கார்ந்திருப்பவர்களின் காலில் ஊதும். எங்கள் ஊரில் அதைத் திறக்கும் குமிழை யாரும் தொட்டதே இல்லை. முன்னால் வெளியேற முடியாத சூட்டை உள்ளே, எங்கள் மேல் திறந்துவிடலாம்.

நான் பருத்திப் புடவையில் இருந்தேன். அவள் பட்டில், நகையில், மாலையில், ஜடைப் பூவில்.

நித்யா மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவள், அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹீட்டர் போட்டால் இறங்கும் என்றேன், பல்லைக் காட்டிச் சிரித்தபடி.

"எவ்ளோ சூடு?"

"காலடியில தோசைக்கல்லு வெச்ச மாதிரி."

அவள் பின்னால் திரும்பிப் பார்க்க முயன்றாள், மாலை விடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போடு."

குமிழை முழுக்கச் சிவப்புப் பக்கம் திருப்பினேன். பல வருடத் தூசி வாசனையோடு அனல் வந்தது. என் பாதம் பெடலில் வெந்தது. ஒரு நிமிடம் முள் அசையவில்லை. பிறகு நூற்றி மூன்று. வட்டம் கட்டியவர்கள் இன்னொரு பாட்டு கேட்டார்கள், நூற்றி நான்கு. நான் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து இன்ஜினை வேகமாகச் சுற்றவிட்டேன், தண்ணீர் வேகமாக ஓடட்டும் என்று. அந்தச் சத்தத்தைத் தங்களுக்கான உற்சாகம் என்று நினைத்து நண்பர்கள் விசில் அடித்தார்கள்.

நூற்றி இரண்டு. நூறு.

நித்யாவின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி, புருவத்தில் தங்கி, கன்னத்தில் கோடு போட்டது. மை கரைந்தது. துடைக்க அவள் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் வளையல், மாலை, வீடியோ எல்லாம் இருக்கிறது. நடுவில் ஒரு தடவை மட்டும், "கொலுசு சுடுதுக்கா" என்றாள். நிறுத்தவா என்றேன். வேண்டாம் என்று கண்ணை மூடித் திறந்தாள். அப்பா பானட்டுக்குப் பக்கத்திலேயே நடந்துவந்தார். ஆவி வந்தால் மறைத்துவிடலாம் என்பதுபோல் துண்டை உதறிக் கையில் வைத்திருந்தார். வரவில்லை.

மண்டப வாசலில் கார் நின்றபோது முள் தொண்ணூற்றெட்டு.

ஆரத்தித் தட்டோடு வந்த பெண்கள் நித்யாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். கன்னம் முழுக்க ஈரம், கண் கீழே கறுப்பு. ஒரு அம்மாள், பாசக்காரப் பொண்ணு, அப்பன் ஆத்தாள விட்டு வர எப்படி அழுதிருக்குது பாரு என்றார். பெரியப்பா இறங்கி வந்தார். அவர் சட்டை கசங்கவே இல்லை. அப்பாவிடம், "என்னா சம்பந்தி, இப்படி அழ வுட்டுட்டீங்க" என்றார். குரலில் கேலி இல்லை. அப்பா வண்டியைப் பார்த்தார், நித்யாவைப் பார்த்தார், துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் நிற்கவில்லை. அம்மாவின் கை கொஞ்சம் நின்று, பிறகு மெதுவாகத் துடைத்தது. ஹீட்டரை நான் எப்போதோ அணைத்திருந்தேன்.

தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று இரண்டு.

எறங்கும்மா என்று யாரோ கதவைத் திறந்தார்கள். நித்யா அசையாமல் என்னைப் பார்த்தாள்.

"முள்ளு இன்னும் எறங்கணுமாக்கா?"

"கொஞ்சம்" என்றேன்.

மீட்டரை அவளுக்கும் வாசிக்கத் தெரியும், இது போதும் என்றும் தெரியும். குனிந்து பார்த்தாள். நேராக உட்கார்ந்தாள். பேண்டு நின்றுவிட்டிருந்தது. இன்ஜின் மட்டும் ஓடியது. ஆரத்திக்காரர்கள் தட்டைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

பிறகு அவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தாள்.

"வரேங்க்கா."

நான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.